மம்சார் கடற்கரைக்குச் செல்வோர் அறியவேண்டியவை

தேராவில் வாழும் தமிழர்களுக்குக் கடற்கரை புதிதன்று. சென்னை மெரினாவிலும் நாகூரிலும் திருச்செந்தூரிலும் மாலைக் காற்று வாங்கிப் பழகியவர்கள் பலர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் பழகியது மணலோடு, கடலோடு அன்று. அலையில் கால் நனைப்பதும், சுண்டல் வாங்கி உண்பதும், பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதைப் பார்த்திருப்பதுமாக அங்கே பொழுது கழிந்துவிடும். அக்கரையின் அலைச்சீற்றமே இறங்க எண்ணுவோர் பலரைத் தயங்கச் செய்யும்.

தேராவின் மம்சார் கரையில் நிலைமை வேறு. அங்கே நீர் பெரும்பாலும் குளத்தைப்போல் அசையாது கிடக்கும். அந்த அமைதி இறங்கச் சொல்லி அழைக்கும். நீச்சல் அறியாதவரும் இடுப்பளவு நீர்வரை தயக்கமின்றிச் சென்றுவிடுவர். மம்சாரில் உயிரிழப்புகள் நேர்ந்ததுண்டு. குறைந்த செலவில் குடும்பத்தோடு ஒரு நாளைக் கழிப்பதற்குத் தேராவில் இதைக் காட்டிலும் நல்ல இடம் அரிது. அந்த நாள் நல்லபடி முடிவதற்கு அறிந்துகொள்ள வேண்டியவை இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

கடற்கரைகள் எங்கெங்கே உள்ளன

துபாய் நகரத்தின் வடகிழக்கு முனையில், சார்ஜாவின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மம்சார். இப்பெயரால் இரு வேறு இடங்கள் குறிக்கப்படுகின்றன. ஒன்று, 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மம்சார் கடற்கரைப் பூங்கா. வேலியும் வாயிலும் உடைய இப்பூங்கா ஏறத்தாழ 100 எக்டேர் பரப்புடையது. புல்வெளி, மரநிழல், சிறுவர் விளையாட்டிடம், நீச்சல் குளம், உடை மாற்றும் அறை, குளியலிடம், கரி அடுப்பில் சமைப்பதற்கென ஒதுக்கப்பட்ட இடங்கள், வாடகைக்குக் கிடைக்கும் குளிரூட்டப்பட்ட சிறு மனைகள் ஆகியவை இதனுள் உள்ளன. மற்றொன்று, பூங்காவுக்கு வெளியே காயலை ஒட்டி நீளும் மம்சார் கார்னிஷ். இத்திறந்த கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. நடைப்பயிற்சிக்கும் மாலை நேரத்தில் அமர்ந்து பேசுவதற்கும் வருவோர் இங்கே மிகுதி.

தேராவின் கரைக்கு அப்பால் கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்ட தீவுகளும் உள்ளன. ‘பாம் தேரா’ என 2004இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் ‘தேரா தீவுகள்’ என வழங்கப்பட்ட இவை 2022 முதல் ‘துபாய் தீவுகள்’ என்னும் பெயர் பெற்றுள்ளன. அங்கும் கடற்கரை உண்டு. எனினும் பேருந்தையும் மெட்ரோவையும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மம்சாரே எளிது.

செல்லும் வழியும் கட்டணமும்

மெட்ரோவின் பச்சைத் தடத்தில் கியாதா நிலையமும் அபு ஹெயில் நிலையமும் மம்சாருக்கு அருகில் உள்ளவை. நிலையத்திலிருந்து கடற்கரை நடந்து செல்லும் தொலைவில் இல்லை. பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்ல வேண்டும். கோடை வெயிலில் குழந்தைகளோடு நடக்க முயல்வது கூடாது.

பூங்காவில் நெடுங்காலமாக ஒருவருக்கு 5 திர்ஹம் நுழைவுக் கட்டணம் பெறப்பட்டு வருகிறது. காருடன் உள்ளே செல்வோருக்கு, காரில் இருப்போர் அனைவரையும் சேர்த்து 30 திர்ஹம் என்பது வழக்கம். ஆகவே நான்கு பேர் கொண்ட குடும்பம் வாயிலில் இறங்கி நடந்து சென்றால் 20 திர்ஹம் போதும். ஆறு பேருக்கு மேல் ஒரே காரில் வருவோருக்கே கார்க் கட்டணம் இலாபமாகும். மெட்ரோவிலும் பேருந்திலும் பயன்படும் நோல் அட்டையாலேயே பூங்காவின் கட்டணத்தையும் செலுத்தலாம். புறப்படுமுன் அட்டையில் இருப்பு உள்ளதா எனப் பார்த்துக்கொள்வது வாயிலில் காத்திருப்பதைத் தவிர்க்கும்.

வாரத்தில் திங்கள், புதன் ஆகிய இரு நாட்கள் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டுமே எனப் பூங்காவில் ஒதுக்கப்படுவது வழக்கம். ஆண்கள் கண்ணில் படாமல் நீரில் இறங்க விரும்பும் பெண்களுக்கு அந்நாட்கள் உகந்தவை. குடும்பமாகவோ ஆண் நண்பர்களாகவோ செல்வோர் பிற நாட்களைத் தெரிவுசெய்ய வேண்டும். மம்சார்ப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் மேம்பாட்டுப் பணிகள் நடைபெற்று வருவதால், எந்தப் பகுதி திறந்துள்ளது, எந்த நாள் யாருக்கு என்பவற்றைத் துபாய் மாநகராட்சியின் 800900 என்னும் எண்ணில் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஏற்ற பருவமும் ஏற்ற நேரமும்

நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே கடற்கரைக்கு உகந்தவை. அப்போது பகல் வெயில் பொறுக்கத்தக்கதாகவும் மாலைக் காற்று இனியதாகவும் இருக்கும். ஆனால் டிசம்பரில் மாலை 5.30 மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். பிற்பகல் 4 மணிக்குமேல் வந்து சேர்வோருக்கு நீரில் இறங்கக் கிடைப்பது ஒரு மணி நேரமே. குளிக்க வேண்டுமெனில் மதியத்துக்கு முன்பே வருவது தக்கது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை வேறு. வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். கடல்நீரும் சூடேறி 30 பாகைக்கு மேல் நிற்கும். அந்த நீரில் மூழ்கியிருப்பதால் உடல் பெரிதும் குளிர்வதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வையும் உலர்வதில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்குவதை அமீரகச் சட்டம் தடுக்கிறது. வேலைக்கே ஆகாது எனச் சட்டம் விலக்கிய வேளை விளையாட்டுக்கும் ஆகாது. கோடையில் விடியற்காலை இரண்டு மணி நேரமும் மாலைப் பொழுதுமே ஏற்றவை.

தலைவலி, மயக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை வெப்பத்தால் உடல் தளர்ந்ததன் அடையாளங்கள். அவ்வாறு உணர்பவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து, விசிற வேண்டும். நினைவுடன் இருந்தால் சிறிது சிறிதாக நீர் அருந்தச் செய்யலாம். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. வாயில் நீர் ஊற்றாமல் உடலைக் குளிர்வித்துக்கொண்டே 998இல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

அமைதியான நீரின் இயல்பு

மம்சாரில் நீர் அமைதியாக இருப்பதற்குக் காரணம் கடலன்று. கடலுக்குள் கட்டப்பட்ட கற்சுவர்கள். தமிழகக் கரையோர ஊர்களில் தூண்டில் வளைவு என வழங்கப்படுவதை ஒத்த இவ்வலைத்தடுப்புகள் அலையின் விசையைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் அவற்றால் நிறுத்த இயலாது. ஏற்றத்தின்போது காயலுக்குள் புகுந்த நீர் முழுவதும் வற்றத்தின்போது குறுகிய வாயில்களின் வழியே வெளியேறியாக வேண்டும். மேற்பரப்பில் அலை ஏதும் தெரியாதபோதும் அவ்வாயில்களிலும் கற்சுவர்களின் ஓரங்களிலும் நீரின் இழுப்பு வலிதாக இருக்கக்கூடும். மண்ணெடுத்து ஆழப்படுத்திய இடங்களில் தரை திடீரெனச் சரிந்து இறங்குவதும் உண்டு. இடுப்பளவு நீரில் நிற்பவர் இரண்டடி எடுத்துவைத்தால் கால் எட்டாமல் போகலாம்.

வடமேற்கிலிருந்து வீசும் ‘ஷமால்’ என்னும் காற்று எழும் நாட்களில் வளைகுடாவின் தோற்றமே மாறிவிடும். அந்நாட்களில் வெளிக்கடலை நோக்கிய கரைகளில் அலை உயர்ந்து, இழுப்பும் மிகும். நேற்று அமைதியாக இருந்த இடம் என்பதால் இன்றும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ளலாகாது.

எனவே உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள், அவர் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே நீரில் இறங்க வேண்டும். இருட்டியபின் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நீரில் உள்ள தலை தெரியாது. இரவில் குளிக்க விரும்புவோருக்கென விளக்கும் உயிர்காப்பாளரும் உடைய இரவுக் கடற்கரைகள் ஜுமைரா 2, ஜுமைரா 3, உம்மு சுகீம் 1 ஆகிய இடங்களில் 2023இல் ஏற்படுத்தப்பட்டன. அவ்வாறு குறிக்கப்படாத எந்த இடத்திலும் இரவில் நீரில் இறங்குதல் கூடாது.

கொடிகள் சொல்வது

கடற்கரைக் கொடிகளுக்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே பொருளே வழங்குகிறது. மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாக உள்ள இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி உயிர்காப்பாளரின் கண்காணிப்பில் உள்ளது. மஞ்சள் கொடி எச்சரிக்கையோடு இறங்கலாம் என்பதைக் காட்டும். சிவப்புக் கொடி நீரில் இறங்கக் கூடாது என்பதைக் குறிக்கும். ஊதாக் கொடி சொறிமீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் உள்ளமையை அறிவிக்கும். எந்தக் கொடியும் காணப்படாத இடம் பாதுகாப்பான இடம் எனப் பொருள்கொள்ளக் கூடாது. பார்த்துக்கொள்ள எவரும் இல்லாத இடம் என்றே கொள்ள வேண்டும்.

ஆடையிலும் கவனம் தேவை. சேலை, சுடிதாரின் துப்பட்டா, கைலி ஆகியவை நனைந்தவுடன் கனத்து, காலைச் சுற்றிக்கொள்ளும். நீச்சல் அறிந்தவரையும் அவை அமிழ்த்திவிடும். உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடைகள் தேராவின் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன.

பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்க வேண்டும். காற்றடைத்த வளையமும் மிதவையும் விளையாட்டுப் பொருள்களே. கரையிலிருந்து வீசும் காற்று அவற்றைச் சில நிமிடங்களில் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். பல குடும்பங்கள் ஒன்றாக வரும்போது ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என எண்ணிவிடுவதுண்டு. இன்ன நேரம் இன்னார் பார்க்க வேண்டும் என முறை வைத்துக்கொள்வதும், அந்நேரத்தில் அவர் கைப்பேசியைத் தொடாதிருப்பதும் நல்ல ஏற்பாடு.

ஒருவர் தத்தளித்தால்

நீரில் மூழ்குபவர் கையை வீசிக் கூவுவார் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவருக்கு மூச்சு வாங்கவே நேரம் போதாது, கூவ இயலாது. வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாகச் சென்றுவர, தலை பின்புறம் சாய்ந்திருக்க, நின்ற நிலையில் முன்னேறாமல் இருப்பவர் ஓசையின்றி மூழ்கிக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.

அவரைக் காக்கத் தாமும் குதிப்பதே பெரும்பாலோருக்குத் தோன்றும் முதல் எண்ணம். ஒருவர் போக வேண்டிய இடத்தில் இருவர், மூவர் உயிரிழப்பது இதனால்தான். மூழ்குபவர் கைக்கு எட்டியவரைப் பற்றி அழுத்திவிடுவார். ஆகவே உயிர்காப்பாளரைக் கூவி அழைத்தல் முதற்கடமை. அடுத்து, மிதக்கும் பொருள் எதையேனும் அவரை நோக்கி எறியலாம்: மிதவை, பந்து, மூடிய வெற்று நீர்க்கலன் ஆகியவை உதவும். துண்டையோ கயிற்றையோ கரையில் படுத்தவாறு நீட்டலாம்.

தாமே இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கலாகாது. முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். நீந்த இயலுமாயின் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு தளர்ந்தபின் கரையை நோக்கித் திரும்ப வேண்டும்.

கரைசேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் ஊர்ப்புறங்களில் இன்றும் காணப்படும் பழக்கம். அதனால் காலம் வீணாவதோடு, வயிற்றில் உள்ளவை மூச்சுக்குழலில் புகுந்துவிடவும் கூடும். மூச்சில்லாதவருக்கு வேண்டியது செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமுமே. உயிர்காப்பாளர் வரும்வரை 998இல் பேசுபவர் சொல்வதைச் செய்ய வேண்டும். எழுந்து பேசத் தொடங்கியவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரின் தீங்கு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

கட்டுச்சோறும் கடல்மீனும்

கடற்கரையில் அமர்ந்து உண்பதற்கு வீட்டிலிருந்தே உணவு கொண்டுவரும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் நிலைத்துள்ளது. ஆனால் இங்குள்ள வெப்பத்தில் சமைத்த உணவு விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த பிரியாணி, கறிக்குழம்பு, பால் கலந்த இனிப்பு ஆகியவற்றை உண்ணலாகாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரமே எல்லை. காரின் பின்பெட்டியில் வைத்த உணவுக்கு அந்த நேரமும் இல்லை. வழிப்பயணத்துக்கெனப் புளியோதரையையும் எலுமிச்சைச் சோற்றையும் முன்னோர் தெரிவுசெய்தது காரணமின்றி அன்று; புளிப்பு கெடுதலைத் தாமதப்படுத்தும். தயிர்ச்சோறும் இறைச்சியும் பனிக்கட்டி இட்ட பெட்டியில் வரவேண்டும். ஒருவருக்கு இரண்டு லிட்டர் குடிநீராவது உடன் இருத்தல் நலம்.

மீன் சுட்டு உண்ண விரும்புவோருக்குத் தேராக் கார்னிஷில் உள்ள வாட்டர்ஃபிரண்ட் சந்தை வழியிலேயே அமைந்துள்ளது. தேராவின் பழைய மீன் சந்தை 2017இல் குளிரூட்டப்பட்ட இக்கட்டடத்துக்கு இடம் மாறியது. வஞ்சரம் இங்கே ‘கனாத்’ எனவும், களவா ‘ஹமூர்’ எனவும், விளைமீன் ‘ஷேரி’ எனவும், ஒரா ‘சாஃபி’ எனவும் விற்கப்படும். வாங்கிய மீனை அங்கேயே செதில் நீக்கி வெட்டித் தருவோர் உள்ளனர். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கண் தெளிந்தும், செவுள் சிவந்தும், விரலால் அழுத்திய இடம் உடனே எழும்பியும் உள்ள மீனே புதியது. வெட்டிய மீனைப் பனிக்கட்டியோடு எடுத்துச் செல்ல வேண்டும். சமைக்கும் தொல்லை வேண்டாதவர்கள் சந்தையை ஒட்டிய உணவகங்களில் உண்ணலாம்.

கரி அடுப்பின் இரு ஆபத்துகள்

கரி அடுப்பை அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே மூட்டலாம். புல்வெளியிலும் திறந்த மணலிலும் மூட்டினால் அபராதம் விதிக்கப்படும். அடுப்பு வேலை முடிந்தபின் நேரும் இரு பிழைகள் மிகக் கொடியவை.

முதலாவது, எரிந்த கரியை மணலில் புதைத்தல். மணல் கனலை அணைப்பதில்லை, மூடிக் காக்கிறது. மேலே ஒன்றும் தெரியாத அவ்விடத்தில் பின்னர் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தையின் பாதம் வெந்துவிடும். கரியை நீரூற்றி முழுவதும் அணைத்து, கரிக்கென வைத்த தொட்டியில் இட வேண்டும்.

இரண்டாவது, பாதி அணைந்த அடுப்பைக் காரிலோ கூடாரத்திலோ அறையிலோ வைத்தல். புகை இல்லாவிடினும் கனலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளிக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குபவர் விழிக்காமலே உயிரிழப்பர். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே எடுத்துச் செல்வதும் இத்தகைய பெரும்பிழையே.

பொது இடத்தின் ஒழுங்கு

பல நாட்டவரும் பல சமயத்தவரும் கூடும் இடம் மம்சார். பிறரை அவர்தம் இசைவின்றிப் படமெடுப்பதும் அப்படத்தைப் பரப்புவதும் அமீரகத்தில் குற்றமாகும். சிறைத் தண்டனையும் பெருந்தொகை அபராதமும் உண்டு. தம் பிள்ளைகளைப் படமெடுக்கும்போது பின்னணியில் பிற குடும்பத்தினர் இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுக் கடற்கரையில் மது அருந்துதல் தடைசெய்யப்பட்டுள்ளது. குப்பை எறிந்தால் அபராதம் விதிக்கப்படும். ரமலான் நோன்புக் காலத்தில் பகற்பொழுதில் பிறர் காண உண்பதைத் தவிர்ப்பது பண்பாகும்.

உடன் வருவோர் அனைவரும் ஓரிடத்தை அடையாளமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிவிடுதல் எளிய, பயனுள்ள வழி. பிள்ளையைக் காணாவிடில் முதலில் நீரைப் பார்க்க வேண்டும். உயிர்காப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும். அதன்பின்னரே பிற இடங்களில் தேட வேண்டும்.

அவசரத் தொலைபேசி எண்கள்

காவல்துறை: 999
ஆம்புலன்ஸ்: 998
தீயணைப்பு: 997
கடலோரக் காவல்: 996
துபாய் மாநகராட்சி: 800900

இவ்வெண்களைக் கைப்பேசியில் முன்பே பதிந்துகொள்ளலாம். அழைக்கும்போது நிற்கும் இடத்தையே முதலில் சொல்ல வேண்டும்: பூங்காவின் உள்ளா, வெளியே உள்ள கார்னிஷா, அருகில் உள்ள பலகையின் எண் யாது என்பன. மம்சார் என்று மட்டும் சொன்னால், பரந்த அக்கரையில் உதவி வந்துசேரத் தாமதமாகும்.

வாரத்தில் ஒரு நாளே ஓய்வு பெறும் தொழிலாளிக்கும், நான்கு சுவருக்குள் வாரம் முழுதும் கழிக்கும் குழந்தைக்கும் மம்சாரின் காற்றும் மணலும் 5 திர்ஹத்தில் கிடைக்கும் செல்வம். நீச்சல் அறியாதவர் கணுக்காலளவு நீரில் நின்றாலும் அந்த மாலை குறைவுபடுவதில்லை. புறப்பட்ட அனைவரும் வீடு திரும்புவதே கடற்கரைப் பயணத்தின் நிறைவு.